முதுகிலிருந்து எடுத்தது

நிரஞ்சலாவுக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. அதை அவளே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற நிரையில் இறங்கினால் அந்தத் தோட்டத்து டிவிசனில் அவள் கைக்கு ஈடு கொடுக்க ஆள் கிடையாது என்பது ஒன்று. ஜாக்கெட் தைத்துப் போட்டால் அவளுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு யாருக்கும் பொருந்தாது என்பது மற்றது. பதினைந்து வருஷமாக பண்டாரவளையில் ஒரே தையல்காரரிடம்தான் துணி கொடுக்கிறாள். தீபாவளிக்கு ஒன்று, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒன்று. கை நீளம் அரை விரல் கூடினாலும் திருப்பிக் கொடுத்து, கடை வாசலிலேயே நின்று சரிபண்ணி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். அவள் புருஷன் ரஜீவ் எல்ல டவுனில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டோ ஓட்டுகிறவன். ஆனாலும் அவர்கள் தோட்டம் இருக்கிற பூனாகலைப் பக்கத்தில் அவளை யாரும் ரஜீவ் பெண்டாட்டி என்று சொல்வதில்லை. அவனைத்தான் நிரஞ்சலா வீட்டுக்காரர் என்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளித்துக்கொண்டிருந்தபோது, இடது மார்பின் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. கொழுந்து பறிக்கிற கைக்கு எது தளிர், எது முற்றல் என்று பார்க்காமலே தெரியும். இதுவும் தெரிந்துவிட்டது. மகள் விதுர்ஷாவுக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை நெருங்கியிருந்தது. சோதனை முடியட்டும் என்று இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாள். பிறகு தோட்டத்து மிட்வைஃப்பிடம் காட்டினாள். அந்த அம்மா அன்றைக்கே துண்டு எழுதி பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஊசி குத்திப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். புற்றுநோய் என்றார்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், ஆனால் மார்பை எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குப் பெரியாயியின் ஞாபகமாகவே இருந்தது.

பெரியாயி அதே லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பராவில் இருந்தவள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே வியாதி வந்து அவளுக்கு ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பழைய துணியைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையை இறக்கக் குனிந்தபோது அந்தத் துணி உருண்டு கணக்கப்பிள்ளையின் காலடியில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். ஒருத்தர் சிரித்தால் போதாதா, வரிசை முழுக்கப் பரவிவிட்டது. பெரியாயி துணியை எடுத்து உதறினாள். எல்லாருக்கும் முன்னாலேயே அதைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு கூடையைத் தராசில் மாட்டினாள். அடுத்த வருஷம் மகள் வீட்டோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சிரித்தவர்களில் நிரஞ்சலாவும் ஒருத்தி.

அடுத்த கிளினிக்கில் பெரிய டொக்டர் படம் வரைந்து காட்டினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பலீல் என்ற சிற்றூழியர் தமிழில் சொன்னார். பதுளை டவுன்காரர், ஐம்பது வயதிருக்கும். தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பது அவர் வேலை இல்லை. ஆனாலும் கூப்பிடும்போதெல்லாம் வந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வழி இருக்காம் தங்கச்சி. எடுத்துட்டுத் தைச்சு விட்டுர்றது ஒண்ணு. இல்லாட்டி அதே நேரத்துல முதுகுல இருந்து ஒரு சதைய எடுத்து, கக்கத்துக்கு அடியால முன்னுக்குக் கொண்டு வந்து, பழைய மாதிரியே அமைச்சுக் குடுக்கிறது. ஒங்க ஒடம்புக்கு அது நல்லாச் சரிவருமாம். காசு ஒண்ணும் இல்ல."

"முதுகுல எடுத்தா முதுகு?"

பலீல் கேட்டார். டொக்டர் பதில் சொன்னார். "சாதாரண வீட்டு வேலைக்கு ஒரு கொறையும் தெரியாதாம். பாரம் தூக்குறவங்க, கைய ஓங்கி இழுத்து வேல செய்றவங்க மட்டும் யோசிக்கணுமாம். ஒங்களுக்கு என்ன வேலன்னு கேக்குறாரு."

தோட்டத்து ஆள் என்று சொன்னால் உனக்கெதற்கு இதெல்லாம் என்று விட்டுவிடுவார்கள். அப்படி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மனதில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. கணக்கப்பிள்ளையின் காலடியில் உருண்ட அந்தத் துணியும் உட்கார்ந்திருந்தது.

"வீட்டுலதாங்க இருக்கேன்" என்றாள்.

பலீல் அவள் கைகளைப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்கள். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை. நிரஞ்சலா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுலதானே?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

"ஆமாங்க."

அவர் சிங்களத்தில் அதையே சொன்னார். டொக்டர் எழுதிக்கொண்டார். ரஜீவ் வெளியே மருந்து எடுக்கிற வரிசையில் நின்றிருந்தான். இந்தப் பேச்சு எதுவும் அவனுக்குத் தெரியாது.

ஒப்பரேஷன் ஆறு மணித்தியாலம் நடந்தது. கண் விழித்தபோது முன்னால் ஒரு குழாய், பின்னால் இரண்டு குழாய். ஐந்தாம் நாள், மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடுகிற நர்ஸ் குளிக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டைக் கழற்றினாள். அங்கே பாதரசம் உதிர்ந்த ஒரு சின்னக் கண்ணாடி. நிரஞ்சலா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுத்துத் திறந்து பார்த்தாள். இருந்தது. வீங்கி, ஊதா நிறமாக, முதுகுத் தோல் ஒட்டுப் போட்டது போல வட்டமாகத் தெரிய, காம்பில்லாமல், ஆனாலும் இருந்தது. அவள் அழுததைப் பார்த்து மிஸ்ஸி பயந்துபோய் டொக்டரைக் கூப்பிட ஓடினாள். அது சந்தோஷத்தில் வந்த அழுகை என்று மிஸ்ஸிக்குச் சொல்ல அவளிடம் அவ்வளவு சிங்களம் இல்லை.

வியாதி முழுதாகப் போய்விட்டது, ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை போட்டால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு ஜாக்கெட் தைக்கப் போனபோது அந்தத் தையல்காரர் எப்போதும் போல அளவெடுத்தார், எப்போதும் போல எழுதிக்கொண்டார், எதுவும் கேட்கவில்லை. அந்தத் திருவிழாவில் மஞ்சள் சேலை கட்டி, பாற்குடம் எடுத்து, முன்வரிசையில் நடந்தாள். அந்த ஒரு நாளுக்காக இன்னும் எத்தனை குழாய் வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம் என்று அவளுக்கு அன்று தோன்றியது.

சங்கடம் வீட்டுக்குள்தான் முதலில் ஆரம்பித்தது.

ஒரு நாள் விதுர்ஷா பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெகு நாளைக்குப் பிறகு அம்மாவின் மார்பில் தலை சாய்த்தாள். நிரஞ்சலா வெடுக்கென்று திரும்பி, முதுகுக்குப் பின்னால் யார் என்று பார்த்தாள். யாரும் இல்லை. மகளின் கன்னம் முன்னால் படுகிறது, அவளுக்கோ முதுகில், விலாவுக்குக் கீழே, யாரோ கையை வைத்தது போல இருக்கிறது. அந்தச் சதை இடம் மாறிவிட்டது. ஆனால் தான் இன்னும் முதுகில்தான் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருந்தது. சோறு கிளறக் கையைப் பின்னால் இழுத்தால் மார்பு தானாகவே ஒரு துள்ளுத் துள்ளியது. உள்ளே ஏதோ ஒரு பிராணி இருந்து முழித்துக்கொண்டது போல.

ரஜீவிடம் இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன் அன்போடு தொட்டபோதெல்லாம் அவள் தலை தானாகப் பின்னால் திரும்பியது. மூன்று தடவை அப்படி நடந்தது. நாலாவது தடவை அவன் கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு தொடுவதையே விட்டுவிட்டான். அவனுக்குத் தன் மேல் அருவருப்பு என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அருவருப்பு என்று அவன் நினைத்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இதை மனதுக்குள்ளேயே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்தபோது எல்லாரும் கைதட்டாத குறை. அவளுக்கென்று பழைய நிரையையே கங்காணி கொடுத்தார். செங்குத்தான மலை. அதில் ஏறுவதற்கு ஒரு வழிதான் உண்டு: மேலே உள்ள தேயிலைச் செடியின் அடியை இடது கையால் பிடித்து, உடம்பை இழுத்து மேலே போட்டுக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாக நாளுக்கு நூறு தடவை செய்தது. அன்று செடியைப் பிடித்தாள், இழுத்தாள், உடம்பு வரவில்லை. கை இருந்த இடத்திலேயே இருந்தது. எந்தச் சதை உடம்பை மேலே தூக்குமோ அது இப்போது ஜாக்கெட்டுக்குள் சும்மா துடித்துக்கொண்டிருந்தது.

வலது கையை மாற்றிப் பிடித்து ஏறினாள். கூடை நிறைய நிறைய அதன் விளிம்பு முதுகுத் தழும்பில் போய் இடித்தது. இரண்டு மணிக்குள் நிரையில் கடைசி ஆளாகிவிட்டாள். பக்கத்து நிரைப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல், போகிறபோக்கில் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடைக்குள் எறிந்துவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் கைக்குழந்தைக்காரிகளுக்கும் வயசாளிகளுக்கும் அவள் அப்படி எறிந்தவள். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நிறுக்கிற இடத்தில் அவள் பெயருக்கு நேரே அரைப்பேர் விழுந்தது, பாதி நாள் சம்பளம். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அரைப்பேர் விழுந்ததே கிடையாது.

போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தாள். ஒரு வருஷம் ஆகியும் சரியாகவில்லை. கிளினிக் போகும்போது கை எப்படி என்று கேட்டால் நல்லா இருக்குங்க என்றாள். வீட்டில் இருக்கிற பெண்ணுக்குக் கை வலிக்க என்ன இருக்கிறது? ஒரு பொய்க்கு இன்னொரு பொய் காவல் நின்றது.

போன வருஷம் ஐப்பசி மாதத்தில், கிளினிக்கில் கம்சலா என்ற இளம் டொக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். யாழ்ப்பாணத்துப் பெண். இந்த ஒப்பரேஷன் செய்துகொண்ட பெண்கள் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். கையில் நாலு பக்கத்துக்கு அச்சடித்த ஃபோர்ம்.

"நான் வாசிக்கிறன், நீங்கள் ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கோ. அஞ்சு எண்டால் நல்ல திருப்தி. விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

கண்ணாடியில் பார்க்கும்போது எவ்வளவு திருப்தி? ஐந்து. உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியில் போகும்போது? ஐந்து. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்? ஐந்து. எல்லாம் உண்மைதான். புருஷனோடு இருக்கும்போது? கொஞ்சம் யோசித்து நாலு என்றாள். டொக்டர் முகம் மலர்ந்தது.

"நீங்கள் சொன்ன மாதிரி ஒருத்தரும் சொல்லேல்ல, அக்கா. ஒரு உதவி செய்வீங்களோ? மடுல்சீமையில இருந்து ஒரு அம்மா வந்திருக்கிறா. அவவுக்கும் இதே ஒப்பரேஷன் செய்யலாம். பயப்படுறா. நீங்கள் ஒருக்காக் கதைச்சா அவவுக்குத் தெம்பாயிருக்கும்."

திரைச்சீலை போட்ட சின்ன அறையில் விஜயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. நிரஞ்சலா முதலில் அவள் விரல்களைத்தான் பார்த்தாள். தன் விரல்களைப் போலவே இருந்தன.

நிரஞ்சலா ஜாக்கெட்டைக் கழற்றிக் காட்டினாள். விஜயலெட்சுமி பார்த்துவிட்டு மெதுவாக ஒரு விரலால் தொட்டாள்.

"சூடா இருக்குதுக்கா. நா ரப்பர் மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

"நம்ம சததானே."

"வெளிய போனா வந்தா யாருக்கும் தெரியாதா?"

"நா சொன்னாத்தான் தெரியும்."

விஜயலெட்சுமி மூச்சை விட்டாள். பிறகு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "கொழுந்துக் கூட தூக்க முடியுதாக்கா? மலையில ஏறி வேல செய்ய முடியுதா?"

ஃபோர்மில் நாலு பக்கத்திலும் இந்தக் கேள்வி இல்லை. இரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. வெளியே கம்சலா டொக்டர் நின்றிருக்கிறார். சொன்னால் தன் பொய் வெளியே வரும். ஏமாற்றிச் செய்துகொண்டாள் என்பார்கள்.

"முடியும்" என்றாள் நிரஞ்சலா. "கொஞ்ச நாளைக்கு நோகும். அப்பறம் சரியாயிரும்."

"அப்ப சரிக்கா." விஜயலெட்சுமியின் முகம் முழுக்க விரிந்தது. அவள் நிரஞ்சலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனாள். "நா போயி ஒப்பம் வச்சிர்றேன்."

நிரஞ்சலா ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கொக்கி மாட்டவில்லை. அந்தப் பெண் மலையில் செடியைப் பிடித்து இழுத்துவிட்டு, உடம்பு வராமல் நிற்கப்போவது கண்ணில் தெரிந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடினாள். நடைக் கூடத்தில் மேசைக்கு முன்னால் விஜயலெட்சுமி பேனாவைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பலீல் எந்த இடத்தில் ஒப்பம் வைக்க வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

"வைக்காத! கொஞ்சம் நில்லு, வைக்காத!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னால முடியல. நா பொய் சொன்னேன். கூட தூக்க முடியல, மலையில ஏற முடியல. அரைப்பேருதான் விழுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நா கொழுந்து எடுக்கிறவதாங்க, டொக்டர். வீட்டுல இருக்கேன்னு பொய் சொல்லித்தான் செஞ்சுக்கிட்டேன்."

கம்சலா டொக்டர் கையிலிருந்த ஃபோர்மை மேசையில் வைத்தார். "ஏன் அக்கா அப்ப சொல்லேல்ல?"

"சொன்னாச் செய்ய மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"செய்ய மாட்டம் எண்டு ஆர் சொன்னது? வேற முறையளும் இருக்குதெல்லோ. வயித்தில இருந்து எடுக்கலாம். இல்லாட்டி இப்ப எடுத்துப்போட்டு, பிறகு ஆறுதலாச் செய்யலாம்."

அந்த வார்த்தைதான் நிரஞ்சலாவை அடித்துப் போட்டது. வேறு வழியும் இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவள் சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

பலீல் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். "அன்டைக்கே ஒங்க விரலப் பாத்தேன் தங்கச்சி" என்றார். "தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன். நீங்களே அப்பிடிச் சொல்லும்போது நா என்னத்த மாத்திச் சொல்றது. எனக்கும் ராத்தூக்கம் இல்லாமத்தான் கொஞ்ச நாள் இருந்திச்சு."

கம்சலா டொக்டர் யாரையும் திட்டவில்லை. நிரஞ்சலாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, முதலிலிருந்து கேட்டார். இந்தத் தடவை நம்பர் கேட்கவில்லை. ஃபோர்மில் இதற்கெல்லாம் இடமில்லை என்று, கடைசிப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதினார். மகள் மார்பில் சாய்ந்தால் முதுகில் தெரிவதை, செடியை இழுத்தால் உடம்பு வராததை, கூடை இடிக்கிற இடத்தை. எழுதி முடித்து, பாரம் குறைந்த வேலை கொடுக்கும்படி தோட்டத்துக்கு ஒரு கடிதமும், தோளுக்கும் முதுகுக்கும் அப்பியாசம் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்கு ஒரு துண்டும் கொடுத்தார்.

ரஜீவுக்கு அன்றைக்கே சொன்னாள். சொல்லாமல் இருந்தால் யாராவது சொல்லிவிடுவார்கள். அவன் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டு முடியும்வரை கழுவிக்கொண்டே இருந்தான்.

"நா ஒன்னையக் கேட்டனா?" என்றான் கடைசியில். "எனக்கு இப்பிடி வேணும்னு ஒரு நாளாவது கேட்டனா? யாருக்காகப் போயி ஓ முதுக வெட்டிக் குடுத்த?"

"எனக்காகத்தான்" என்றாள். "நாலு பேரு சிரிக்கக் கூடாதுன்னு."

"கைய வச்சாத் திரும்பித் திரும்பிப் பாக்குறியே, அது?"

அப்போதுதான் அதையும் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னாள். அவன் சந்தேகத்தோடு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சேலைக்கு மேலேயே ஒரு விரலை வைத்தான்.

"இப்ப எங்க தெரியுது?"

"விலாவுக்குக் கீழ. பின்னாடி."

"அப்ப பின்னாடி தொட்டா?"

"அங்க ஒண்ணுமே தெரியல. மரத்துப் போச்சு."

ரஜீவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு ஓட்டோவின் பின்பக்கம் போய் நின்றுகொண்டான். நெடுநேரம் அங்கிருந்து வரவில்லை. பொய் சொன்னதற்கான கோபம் அவனுக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. ஏதாவது வாக்குவாதம் வந்தால், "நீதான் பெரிய டொக்டரையே ஏமாத்துனவளாச்சே" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான். ஆனால் தொட்டால் அவள் திரும்பிப் பார்க்கிறாள் என்று இப்போது கையை எடுப்பதில்லை.

தோட்டத்தில் கடிதத்தைப் பார்த்துவிட்டு அவளைத் தேயிலை நாற்று மேடைக்கு மாற்றினார்கள். நிழல் வலைக்குக் கீழே உட்கார்ந்து சின்னச் சின்னக் கறுப்புப் பைகளில் மண் நிரப்புகிற வேலை. வயசாளிகளும் பிள்ளைத்தாச்சிகளும் செய்வது. கஷ்டமில்லாத வேலைதான். அவளுக்கு அது தண்டனையாக இருந்தது. மேலே மலையில் பெண்கள் கூப்பிட்டுக்கொள்வதும் சிரிப்பதும் அங்கே கேட்கும். மதியத்துக்கு மேல் அவர்கள் கூடையோடு இறங்கி வருகிற நேரத்தில், மண் எடுக்கிற சாக்கில் வலைக்குப் பின்புறம் போய்விடுவாள். வீட்டில் கதவு நிலையில் கயிற்றைக் கட்டி இழுக்கிற அப்பியாசத்தை ஒரு நாள் விடாமல் செய்தாள். ஆறு மாதத்தில் கை கொஞ்சம் தேறியது. முழுதாக வராது, மற்றச் சதைகள் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் சித்திரைக்குப் பிறகு, அவளே கேட்டு, கிழமைக்கு இரண்டு நாள் மட்டமான மலையில் நிரைக்குப் போகிறாள். பாதிக் கூடையிலேயே இறக்கி வைத்துவிடுகிறாள். முன்னால் நிற்பது இப்போது வேறொருத்தி.

போன மாதம் கிளினிக் வாங்கில் விஜயலெட்சுமியைப் பார்த்தாள். அன்றைய நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சந்திக்கவில்லை. விஜயலெட்சுமி நல்ல வெயிலிலும் தொளதொளவென்று ஒரு சுவெட்டர் போட்டிருந்தாள். அவள் சதை வைக்காமல் எடுத்துவிடச் சொல்லியே ஒப்பம் வைத்திருந்தாள். அது சுவெட்டருக்கு மேலேயே தெரிந்தது.

"எப்பிடி இருக்க விஜி?"

"கூடயெல்லாம் தூக்குறேன்கா. மூணாம் மாசமே நிரைக்குப் போயிட்டேன். முழுப்பேருதான்." பிளாஸ்டிக் பையை மடியில் திருப்பி வைத்தாள். "வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல."

"அது நல்லதுதானே."

"இல்லக்கா. ஒண்ணுமே சொல்றதில்ல. வேற பக்கம் பாத்துக்கிட்டுத்தான் பேசுறாரு. நானும் துணி மாத்துறப்ப வெளக்க அணைச்சிர்றேன். கோயிலுக்குப் போயே ஆறு மாசமாச்சு."

நிரஞ்சலா கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தின் வாயை மடித்தாள்.

"அன்னைக்கு நீங்க ஓடி வராம இருந்திருந்தா நா செஞ்சிருப்பேன்" என்றாள் விஜயலெட்சுமி.

"தெரியும். என்மேல கோவமா?"

"சில நாளு வருது. கூட தூக்குறப்ப வராது."

பக்கத்தில் இருந்த ஒரு கிழவி இருமினாள். நம்பர் கூப்பிட்டார்கள். அது இவர்களுடையது இல்லை.

விஜயலெட்சுமி நெருங்கி உட்கார்ந்தாள். "இப்பவும் செய்யலாமாம். முதுகுல எடுக்காம, வயித்துல இருந்து எடுத்து. அதுக்கு வேற ஊருக்கு அனுப்புவாங்களாம். மூணு மாசம் வேலைக்குப் போக ஏலாதாம். இன்னைக்கு முடிவு சொல்லணும். என்னக்கா செய்யட்டும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நிரஞ்சலா பயந்துகொண்டிருந்தாள். முதல் தடவை பொய் சொன்னாள். இரண்டாம் தடவை உண்மையைச் சொன்னாள். உண்மையைக் கேட்டவள்தான் இப்போது வெயிலில் சுவெட்டரோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியல விஜி" என்றாள். "சத்தியமாத் தெரியல. கண்ணாடி முன்னாடி நிக்கிறப்ப, செஞ்சது நல்லதுன்னுதான் தோணுது. அந்த மலையப் பாக்குறப்ப, ஏன்டா செஞ்சோம்னு இருக்கு. ரெண்டும் ஒரே நாளுல வருது. ஒரு நாளைக்கு நாலு தடவ வருது."

"அப்ப யாரத்தான் கேக்குறது?"

"டொக்டர்ட்ட எல்லாத்தையும் கேளு. நீ என்ன வேல செய்றங்கிறதச் சொல்லிக் கேளு. ஒன் வீட்டுக்காரரையும் ஒரு தடவ கேட்டுப் பாரு. அவரு மனசுல என்ன இருக்குன்னு நீயா நெனச்சுக்காத. நா அப்பிடித்தான் ஒரு வருஷத்த வீணாக்குனேன்."

விஜயலெட்சுமியின் நம்பர் வந்தது. அவள் எழுந்து, சுவெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். நிரஞ்சலாவின் வேலை முடிந்திருந்தது, மாத்திரையும் எடுத்தாயிற்று. இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேரலாம். இருந்தும் வாங்கிலேயே உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு தாண்டி மூன்றாகப் போகும்போது விஜயலெட்சுமி வெளியே வந்தாள்.

"அடுத்த கிளினிக்ல சொல்றேன்னுட்டேன்" என்றாள். "கம்சலா டொக்டர், அவரையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொன்னாங்க. வருவாரான்னு தெரியல."

இரண்டு பேரும் தூறலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு கடையில் நின்று தேத்தண்ணீர் குடித்தார்கள். விஜயலெட்சுமி தன் நம்பரைச் சொன்னாள், நிரஞ்சலா ஃபோனில் போட்டுக்கொண்டாள். மடுல்சீமை பஸ் நிரம்பி வழிந்தது. விஜயலெட்சுமி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறிவிட்டாள்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்லு" என்று நிரஞ்சலா கீழே நின்று சத்தமாகச் சொன்னாள்.

"கேக்குறேன்கா. திட்டுனாலும் கேக்குறேன்."

பஸ் திரும்பிப் போன பிறகு அவள் பண்டாரவளை பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. குடை கொண்டு வரவில்லை.